கடலைக் காட்டும் கப்பல், உலகைக் காட்டுமா?

2023 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து ‘செரனேட் ஆஃப் த சீஸ்’ என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அது பயணத்தை முடித்தது 2024 செப்டம்பர் 10 அன்று. இடையில் 274 இரவுகள், 60-க்கும் மேற்பட்ட நாடுகள். ராயல் கரீபியன் நிறுவனம் நடத்திய இந்தப் பயணத்தைச் சமூக ஊடகங்களில் லட்சக்கணக்கானோர் தொடர்கதை பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பாதிப் பேர் ஏங்கினார்கள், மீதிப் பேர் பணத்திமிர் என்றார்கள். ஏக்கமும் ஏச்சும் தீர்ப்பாகிவிடாது. வேலைக் காலம் முடிந்து, பிள்ளைகள் தலையெடுத்து, கையில் சேமிப்போடு நிற்கும் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறை செய்யும் பெருஞ்செலவு இது. இதன் நிறைகுறையைப் பொறுமையாக எடைபோட வேண்டும்.

நிறுவனங்கள் விற்பது ‘உலகம்’. உண்மையில் பயணிக்குக் கிடைப்பது கடல். பல மாதக் கப்பல் பயணத்தின் மேன்மை முழுவதும் கடலில் கழியும் நாட்களில் இருக்கிறது. அதன் பலவீனம் கரையிறங்கும் நாட்களில் வெளிப்படுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இதை மதிப்பிட முடியாது என்பது என் கருத்து.

பழக்கம் புதியதன்று. 1922 நவம்பரில் குனார்ட் நிறுவனத்தின் ‘லக்கோனியா’ கப்பலை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வாடகைக்கு எடுத்து, நியூயார்க்கிலிருந்து சில நூறு பயணிகளோடு உலகைச் சுற்றிவர அனுப்பியது. ஒரே கப்பலில் ஏறி, உலகைச் சுற்றி, ஏறிய இடத்திலேயே இறங்கும் இன்றைய வடிவத்துக்கு அதுவே தொடக்கம். அதைச் சாத்தியமாக்கியவை சூயஸ், பனாமா என்ற இரு கால்வாய்கள். அன்று கடல் கடந்து போகக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை. இன்று விமானம் ஒரே நாளில் கொண்டுபோய் இறக்கிவிடும். அப்படியும் இந்தப் பயணம் அழியவில்லை என்றால், விமானத்தால் தர முடியாத ஏதோ ஒன்று இதில் இருக்க வேண்டும்.

நிறையின் பக்கம்

முதலில் பணம். செரனேட் பயணத்தின் தொடக்கக் கட்டணம் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல். இரவுக்கு ஏறத்தாழ 200 டாலர். நம் வருமானத்துக்கு இது எட்டாத தொகை. ஆனால் அமெரிக்கப் பெருநகரத்தில் வீட்டு வாடகை, உணவு, மின்சாரம், கார், கேளிக்கை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடும் ஒருவருக்கு, அது மலைக்கவைக்கும் தொகையாக இருப்பதில்லை. 2004-இல் அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் லீ லிண்ட்குவிஸ்ட், ராபர்ட் கோலப் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிறு உதவிகள் மட்டுமே தேவைப்படும் முதியவர் ஒருவர் பராமரிப்பு இல்லத்தில் வாழ ஆகும் செலவையும், தொடர்ந்து சொகுசுக் கப்பலிலேயே வாழ ஆகும் செலவையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன. மூன்று வேளைச் சாப்பாடு, நாள்தோறும் அறையைச் சுத்தம் செய்ய ஆள், கூப்பிடு தூரத்தில் மருத்துவர், பேச்சுத்துணை என எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது முதுமையில் சின்ன விஷயமல்ல.

அடுத்தது உடல். மூட்டுவலிக்காரருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் வழக்கமான சுற்றுலா என்பது பெட்டி தூக்குவது, விமான நிலைய வரிசை, புது விடுதி, மறுபடி பெட்டி. கப்பலில் ஒருமுறை பெட்டியைப் பிரித்தால் போதும். அவர் தூங்கும்போது ஊர் மாறிக்கொள்ளும். உடலுக்கு அதிர்ச்சி தராத வேகம் அது. மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலில் சில நாட்களுக்கு ஒருமுறை இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். பயணிக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம். அப்படிச் சேர்த்த மணிகளையெல்லாம் சர்வதேச தேதிக்கோட்டைக் கடக்கும்போது ஒரு முழு நாளாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பூமி உருண்டை என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர், தம் தூக்கத்தின் வழியாக அதை உணர்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, ஓய்வான மனத்துக்குக் கடல் தரும் அவகாசம். பசிபிக்கைக் கடக்கும்போது நாள்கணக்கில் கரையே தெரியாது. செய்ய வேண்டியது என்று எதுவும் இருக்காது. இத்தகைய வெறுமையிலிருந்து என்ன பிறக்கும் என்பதற்குத் தமிழில் ஓர் உயர்ந்த சான்று உண்டு. 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் உதித்தது. அன்று காந்தி பிறந்தநாள். அந்த எண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவர் கண்டம் கண்டமாக அலைந்து துண்டுப்படங்களைச் சேகரித்தார். 1940-இல் படம் வெளிவந்தது. எல்லாப் பயணிகளும் செட்டியாராகிவிட மாட்டார்கள். ஆனாலும் நீண்ட கடற்பயணம் தரும் தனிமைக்கு ஈடான ஒன்றை விமான இருக்கை தந்துவிடாது.

குறை தொடங்கும் இடம்

கப்பல் கரையைத் தொட்டதும் கதை மாறுகிறது. உலகம் சுற்றும் கப்பல்கள் அடிக்கடி வந்துபோகும் கொச்சியையே எடுத்துக்கொள்வோம். நாம் அறிந்த ஊர், அளந்து பார்ப்பது எளிது. காலை எட்டு மணிக்குக் கப்பல் வந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம். குடியேற்றச் சோதனை முடிந்து இறங்கவே ஒரு மணி நேரம் போய்விடும். கிளம்பும் நேரத்துக்கு முன்பே எல்லோரும் கப்பலுக்குள் இருந்தாக வேண்டும். தாமதமாக வந்தவருக்காகக் கப்பல் காத்திருக்காது என்ற அச்சத்தில் இன்னொரு மணி நேரம் கழியும். ஆலப்புழைக்குப் போய்வரச் சாலையில் மூன்று மணி நேரம். மிஞ்சுவது ஐந்து மணி நேரம். அதற்குள் காயலில் ஒரு படகு, ஒரு மதிய உணவு, சீன வலைகளுக்கு முன்னால் ஒரு படம், இரவெல்லாம் ஆட வேண்டிய கதகளியில் சுருக்கிய ஒரு துண்டு. அந்த ஊரின் மழையை, மாலைச் சந்தையை, ஒரு வீட்டின் அடுக்களையைப் பயணி பார்த்திருக்க மாட்டார். ‘இந்தியா பார்த்தாயிற்று’ என்று பட்டியலில் ஒரு கோடு மட்டும் விழும்.

அண்டார்க்டிகாவில் இது உச்சம் தொடுகிறது. ‘ஏழு கண்டங்களும்’ என்பது செரனேட் பயணத்தின் பெருமைமிக்க விளம்பரம். அண்டார்க்டிகாவுக்கென்று சர்வதேச விதி ஒன்று உண்டு: 500 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றிவரும் கப்பல் அங்கே யாரையும் கரையிறக்கக் கூடாது. சிறு கப்பல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேர்தான் இறங்கலாம். ஆகவே பெரிய கப்பலில் வந்தவர் பனிமலையை டெக்கில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்த விதி நல்லது. அந்த நிலத்துக்கு அது அவசியம். ஆனால் கால் படாத கண்டத்தைக் கணக்கில் சேர்ப்பது பயணத்தின் அளவுகோலே பிழை என்பதைக் காட்டுகிறது. எத்தனை நாடுகள் என்று எண்ணத் தொடங்கும்போதே பார்ப்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

நீளம் கூடக்கூட நிச்சயமும் குறைகிறது. செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டதால் செரனேட் தன் பாதையை மாற்றி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக நேர்ந்தது. 2020 சனவரியில் வெனிஸிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய ‘கோஸ்டா டெலிசியோசா’வின் பயணிகள், கொரோனாவால் துறைமுகங்கள் மூடப்பட்டதால், ஐந்து வாரம் மண்ணை மிதிக்காமல் ஏப்ரலில்தான் கரை சேர்ந்தார்கள். இவை யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் 2023-இல் ‘லைஃப் அட் சீ’ என்ற பெயரில் விற்கப்பட்ட மூன்றாண்டுப் பயணத்தை அப்படிச் சொல்லிவிட முடியாது. தகுந்த கப்பல் கைக்கு வராமலேயே அது விற்கப்பட்டு, நவம்பரில் ரத்தானது. வீட்டை விற்றவர்கள், வாடகைக்கு விட்டவர்கள், வேலையை உதறியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். முழுத்தொகையையும் முன்கூட்டியே வாங்கும் ஒரு தொழிலில் இவ்வளவு நம்பிக்கையைக் கேட்பது பெரிய குறை.

சீட்டு விலையில் அடங்காதவை

பயணியின் கணக்கோடு மதிப்பீடு முடிந்துவிடாது. அதே கப்பலில் அதே மாதங்களைக் கழிக்கும் இன்னொரு கூட்டம் உண்டு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்த சமையலறை ஊழியர்களும் அறைப் பணியாளர்களும் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், வார விடுமுறை இல்லாமல் உழைக்கிறார்கள். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அது வகுத்த உச்சவரம்பே நாளொன்றுக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம். பாதுகாப்பு என்று எழுதப்பட்ட எல்லையே இதுவென்றால் உழைப்பின் கனத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் பதிவாகின்றன. பயணிகளின் நாட்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே செல்லாது. கிழக்கு நோக்கிப் போகும் கப்பலில் கடிகாரம் முன்னுக்குத் தள்ளப்படும். பயணி காலையில் கூடுதலாகத் தூங்கி அதைச் சரிக்கட்டிக்கொள்வார். விடியற்காலையில் ரொட்டி சுடுபவரின் இரவுதான் ஒரு மணி நேரம் குறையும்.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ தனிமைப்படுத்தப்பட்டபோது அதிலிருந்த இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் சிப்பந்திகள். பயணிகள் கேபின்களில் அடைபட்டிருக்க, அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இவர்கள். சொகுசுக் கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல வீடுகளில் நினைவுக்கு வருவது பிள்ளையின் ஒப்பந்தக் காலமும் மாதாமாதம் வரும் பணமும்தான். அந்தப் பணம் உண்மையானது. வீடு கட்டியிருக்கிறது, தங்கையைப் படிக்கவைத்திருக்கிறது. ஆகவே இத்தொழில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓய்வு நேரமும் கூலியும் மனிதத்தன்மையோடு இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

சூழலின் கணக்கு இன்னும் கடுமையானது. கப்பல் நகர மட்டும் எண்ணெய் எரிக்கவில்லை. நீச்சல்குளம், குளிர்சாதனம், அரங்கம், சலவை எல்லாவற்றுக்கும் இரவும் பகலும் எரிக்கிறது. கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடு அலாஸ்காவின் ஜூனோவில் 2001-லேயே வந்துவிட்டது. இன்றும் உலகின் பெரும்பாலான துறைமுகங்களில் அது கிடையாது. 2020 முதல் எரிபொருளில் கந்தகம் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் புகையைக் கடல்நீரால் கழுவி அந்த நீரைக் கடலிலேயே விட்டு விதியை நிறைவேற்றும் கப்பல்களும் உண்டு. துறைமுக ஊர்களும் பொறுமை இழக்கின்றன. வெனிஸ் 2021-இல் பெரிய கப்பல்களை நகர மையத்துக் கால்வாயிலிருந்து விலக்கியது. ஜூனோ 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் போதும் என்றது. கப்பலிலேயே காலை உணவு, கப்பலிலேயே இரவுப் படுக்கை என்றால் ஊருக்கு மிஞ்சுவது கூட்டமும் புகையும்தானே என்று அவ்வூரார் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு மாதிரி

கடல்நாட்களையும் கரைநாட்களையும் ஒன்றோடொன்று கோக்க முடியும் என்பதற்கு ஜப்பானின் ‘பீஸ் போட்’ அமைப்பு சான்று. போர்க்கால வரலாற்றைப் பாடநூல்களில் அரசு மழுப்பியதை எதிர்த்து, 1983-இல் வசேதா பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது இது. அண்டை நாடுகளுக்குப் போய் அம்மக்களிடமே வரலாற்றைக் கேட்போம் என்று கிளம்பினார்கள். பிறகு அது நூறு நாள் அளவிலான உலகச் சுற்றுப் பயணமாக வளர்ந்தது. அடுத்து வரப்போகும் நாட்டைப் பற்றி அறிந்தவர்கள் கப்பலில் ஏறிக் கடல்நாட்களில் வகுப்பெடுப்பார்கள். கரையிறங்கும்போது பயணியிடம் கேள்விகள் தயாராக இருக்கும். 2008 முதல் ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுகளுக்குத் தப்பியவர்கள் இக்கப்பலில் உலகைச் சுற்றித் தம் சாட்சியத்தைச் சொல்லி வருகிறார்கள். இளைஞர்கள் ஊரெங்கும் பயணச் சுவரொட்டிகளை ஒட்டிக் கொடுத்தால் அதற்கேற்பக் கட்டணத்தில் கழிவு உண்டு. பணம் இல்லாதவர் உழைத்துப் பயணச்சீட்டைச் சம்பாதிக்க ஒரு வாசல் அது.

இதிலும் குறை உண்டு. இந்தக் கப்பலும் எண்ணெயில்தான் ஓடுகிறது. சூழலுக்கு உகந்த புதுக் கப்பல் கட்டுவதாக அறிவித்த திட்டம் பல ஆண்டுகளாகக் கைகூடவில்லை. கரையில் இங்கும் நேரம் குறைவுதான். ஆனாலும் ஒரு முக்கிய வேறுபாடு: இங்கே கடலில் கழியும் நாள் கரையைப் புரிந்துகொள்வதற்கான தயாரிப்பாகிறது. ஐந்து மணி நேரமே கிடைத்தாலும் யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து இறங்குபவருக்கு அது போதுமானதாகக்கூட ஆகலாம்.

ஆகவே என் முடிவு இது. உலகைப் பார்ப்பதற்காக என்றால் பல மாதக் கப்பல் பயணம் விலைக்குத் தகாதது. அதே பணத்தில் நான்கைந்து நாடுகளில் மாதக்கணக்கில் தங்கி, அவ்வூர்ப் பேருந்தில் ஏறி, அவ்வூர்ச் சந்தையில் காய் வாங்கி வாழ்ந்துவிட முடியும். நடமாட்டம் குறைந்தவருக்கும், துணை தேடும் முதியவருக்கும், கடலை அதற்காகவே நேசிப்பவருக்கும் இது மதிப்புள்ளது. அவர்கள் போவதைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. போகிறவர் சீட்டு வாங்குமுன் மூன்றைக் கேட்க வேண்டும். பயணம் ரத்தானால் பணம் யார் பொறுப்பில் இருக்கிறது? கப்பல் எந்த எரிபொருளில் ஓடுகிறது? அறையைச் சுத்தம் செய்பவருக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு? வாங்குபவர்கள் இவற்றை விடாமல் கேட்டால் நிறுவனங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நாடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு துறைமுகத்திலும் இரண்டு மூன்று நாள் நின்று போகும் பயணத்தையும் அவர்கள் கேட்டு வாங்க வேண்டும். அப்போது இப்பயணம் தன் பெயருக்குத் தகுதி பெறும்.