டேங்கின் தங்கக் கோடு

திருத்தணியில், வீட்டுக் கொட்டகையில் பழைய புல்லட்டின் அச்சு அசல் உருவை மறுபடி எழுப்பும் கைகளை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். டேங்கின் தகட்டை மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, உள்ளங்கையால் தடவி, மறுபடி தட்டுவார்கள். கண்ணுக்குத் தப்பிய மேட்டை விரல் சொல்லிவிடும். பிறகு பட்டி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர், கறுப்புப் பெயிண்ட். அதன்மேல் அந்தத் தங்கக் கோடு. திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு ஆலையில் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்த கோடு அது. ஸ்டிக்கரில் அந்த உயிர் வராது என்பது என் கட்சி. நீண்ட மயிர்த் தூரிகை, அடக்கிய மூச்சு, வளைவிலும் தயங்காத மணிக்கட்டு.

எஞ்சினைப் பூட்டியதும் கிக்கரை மெல்ல அழுத்துவார்கள். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்தால், டீகம்ப்ரஸரைப் பிடித்து மயிரிழை தாண்டவிட்டு, ஒரே மிதி. டுப்... டுப்... அந்த இடைவெளி சரியாக விழும்வரை கார்புரேட்டர் திருகில் பொறுமையாகக் கைவைத்தபடி இருப்பார்கள். மலைப்பாதை ஏற்றமெல்லாம் அப்புறம்தான்.