ஆடும் முன்பே முதலிடம்

2025 ஆகஸ்டில், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவம் தொடங்கும் முன்பே, டெக்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு நாட்டின் முதலிடம் கிடைத்துவிட்டது. கொடுத்தது அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனம் நடத்தும் வாக்கெடுப்பு. நூறாண்டைத் தாண்டிய டெக்சாஸ் கால்பந்து வரலாற்றில் பருவத்துக்கு முந்தைய பட்டியலில் அந்த அணி முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. இரண்டாம் இடத்தில் பென் ஸ்டேட். இருவருக்கும் இடையே ஐந்தே புள்ளி வித்தியாசம்.

ஆகஸ்ட் 30 அன்று கொலம்பஸ் நகரில் ஒஹையோ ஸ்டேட் அணியிடம் டெக்சாஸ் 14–7 என்று தோற்றது. அக்டோபர் 4 அன்று புளோரிடாவிடமும் தோற்று, முதல் 25 அணிகளின் பட்டியலிலிருந்தே விழுந்தது. பென் ஸ்டேட்டும் அதே நாளில், அதுவரை நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருந்த யுசிஎல்ஏ அணியிடம் 42–37 என்று தோற்றுப் பட்டியலைவிட்டு வெளியேறியது. அதன் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் எட்டு நாள் கழித்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஜனவரியில் அணியைத் தேசிய அரையிறுதிவரை கொண்டுபோனவர் அவர். கடைசியில் பட்டம் வென்றதோ, ஆகஸ்ட் பட்டியலில் 20ஆம் இடத்தில் இருந்த இந்தியானா. பதினாறு ஆட்டங்கள், தோல்வியே இல்லை. வெற்றியைவிடத் தோல்வியை அதிகம் பார்த்துப் பழகிய அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்தில் அதுதான் முதல் தேசியப் பட்டம்.

இதைப் படிப்பவருக்கு, இந்தப் பட்டியலை எதற்காகப் போடுகிறார்கள் என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே ஓர் ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதினால், பட்டியல் செய்யும் தவற்றையே நாமும் செய்தவர்கள் ஆவோம்.

முதலில் அமைப்பைப் பார்க்கலாம். உயர்நிலைப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் வழக்கமான பருவத்தில் ஆடுவது 12 ஆட்டங்கள். அதிலும் பெரும்பகுதி, மாநாடு எனப்படும் தன் அணிக் கூட்டமைப்புக்குள்ளேயே முடிந்துவிடும். ஆக, யார் யாரைவிடச் சிறந்தவர் என்பதைக் களத்தில் மட்டும் தீர்க்க வழியில்லை. யாராவது உட்கார்ந்து மதிப்பிட்டே ஆகவேண்டும். 1936இல் ஏபியின் விளையாட்டு ஆசிரியர் ஆலன் கூல்ட் வாரந்தோறும் எழுத்தாளர்களின் வாக்கெடுப்பைத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவே பத்திரிகை வாசகர்கள் சண்டைபோட ஒரு விஷயம் வேண்டும் என்பது இன்னொரு காரணம். அதை அவரே பிற்பாடு மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இன்று எழுத்தாளர்களும் ஒலிபரப்பாளர்களுமாக அறுபதுக்குச் சற்று மேற்பட்டோர் வாக்களிக்கிறார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, 25ஆம் இடத்துக்கு ஒரு புள்ளி.

ஆட்டம் தொடங்குமுன்பே வாக்களிக்கும் வழக்கம் 1950இல் வந்தது. அந்த முதல் பட்டியலில் முதலிடம் நோட்ரே டேமுக்கு. அந்த ஆண்டு அந்த அணி நான்கு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமன் என்று முடித்தது. பிறக்கும்போதே தடுக்கி விழுந்த வழக்கம் இது! அதன் பிறகும் பருவத்துக்கு முன் முதலிடம் பெற்ற அணிகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான் பட்டத்தோடு முடித்திருக்கிறது. 2012இல் முதலிடத்தில் தொடங்கிய தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 7–6 என்று முடித்துப் பட்டியலிலேயே இல்லாமல் போனது.

இந்த எண்ணிக்கையைக் காட்டி ஏளனம் செய்வது எளிது. ஆனால் வேறொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2014இல் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் முறை வந்ததிலிருந்து 2024 பருவம்வரை பட்டம் வென்ற பதினொரு அணிகளும் ஆகஸ்ட் பட்டியலின் முதல் ஆறு இடங்களுக்குள் இருந்தவை. 2014இல் ஒஹையோ ஸ்டேட் ஐந்தாம் இடம். 2019இல் எல்எஸ்யு ஆறாம் இடம். 2021இல் ஜார்ஜியா ஐந்தாம் இடம். 2023இல் மிச்சிகனும் 2024இல் ஒஹையோ ஸ்டேட்டும் இரண்டாம் இடம். முதலிடத்திலிருந்து தொடங்கி வென்றது 2017இன் அலபாமா மட்டும். 130 அணிகளுக்குள் ஆறைப் பொறுக்கி, பதினொரு ஆண்டு தொடர்ந்து அந்த ஆறுக்குள்ளேயே பட்டம் நிற்கும்படி கணிப்பது குருட்டு அதிர்ஷ்டம் அல்ல. வலுவான அணிகளின் கூட்டத்தை அடையாளம் காண்பதில் இந்த வாக்கெடுப்பு தேர்ந்தது; அந்தக் கூட்டத்துக்குள் யார் முன், யார் பின் என்று அடுக்குவதில்தான் தடுமாறுகிறது. ஆனால் செய்தித்தாளின் தலைப்பும் தொலைக்காட்சியின் கூச்சலும் அந்த அடுக்கைத்தான் பிடித்துக்கொள்கின்றன. தனக்கு நன்றாகத் தெரிந்ததை மெதுவாகவும், தெரியாததை உரக்கவும் சொல்லும் கணிப்பு இது.

இன்னொரு நற்குணமும் உண்டு. ஏபி வாக்காளர்கள் யாருக்கு எந்த இடம் கொடுத்தார்கள் என்பது பொதுவில் வெளியாகிறது. விளையாட்டு எழுத்தாளர் தன் மதிப்பீட்டை எண் போட்டு, பெயர் போட்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு ஏச்சும் வாங்கிக்கொள்கிறார். முடிந்தபின் "நான் அப்போதே நினைத்தேன்" என்று எழுதும் வசதி அவருக்கு இல்லை. பயிற்சியாளர்களே வாக்களிக்கும் இன்னொரு வாக்கெடுப்பில் இந்தக் கண்டிப்பு குறைவு. தான் முன்பு பயிற்றுவித்த டியூக் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் 25ஆம் இடத்து வாக்கைப் போடுவதைப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியர் வழக்கமாக வைத்திருந்தார். டியூக் எப்படி ஆடினால் என்ன, நன்றிக்கு ஒரு வாக்கு. அந்தப் பட்டியலை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நேர்மையான குறிப்பு கிடையாது என்று எனக்குத் தோன்றும்.

அப்படியானால் கோளாறு எங்கே? கணிப்பு பொய்ப்பதில் அல்ல. கணிப்பு பொய்த்த பிறகும் இடம் நிலைப்பதில்.

2004ஆம் ஆண்டைப் பார்த்தால் இது விளங்கும். அந்த ஆகஸ்டில் தெற்கு கலிபோர்னியா முதலிடம், ஒக்லஹோமா இரண்டாமிடம், ஆபர்ன் 17ஆம் இடம். டிசம்பர்வரை மூன்று அணிகளும் தோற்கவே இல்லை. அன்றிருந்த பிசிஎஸ் முறைப்படி இறுதியாட்டத்துக்கு இரண்டே அணிகள். வாக்கெடுப்புகளும் கணினிக் கணக்கும் சேர்ந்து அவற்றைத் தேர்ந்தெடுக்கும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் விலகினால்தான் பின்னால் நிற்பவர் நகர முடியும். முன்னால் நின்ற இருவரும் விலகவில்லை. ஆபர்ன் வாராவாரம் வென்று மூன்றாம் இடம்வரை ஏறி, அங்கேயே நின்றது. நாட்டின் மிகக் கடினமான மாநாடுகளில் ஒன்றான எஸ்இசியை வென்ற அணி அது. ரோனி பிரவுன், காடிலாக் வில்லியம்ஸ், கார்லோஸ் ராஜர்ஸ், ஜேசன் கேம்பெல் ஆகிய அதன் நான்கு வீரர்கள் அடுத்த வசந்தத்தில் தொழில்முறை லீக்கின் முதல் சுற்றிலேயே தேர்வானார்கள். அப்படிப்பட்ட அணி சுகர் பவுல் ஆட்டத்தில் வர்ஜீனியா டெக்கை வென்று 13–0 என்று வீட்டுக்குப் போனது. இறுதியாட்டத்தில் தெற்கு கலிபோர்னியா ஒக்லஹோமாவை 55–19 என்று துவைத்து எடுத்தது. அந்த மேடையில் நிற்க ஒக்லஹோமாவுக்கு இருந்த தகுதியில் எவ்வளவு பங்கு அக்டோபர், நவம்பர் ஆட்டங்களால் வந்தது, எவ்வளவு ஆகஸ்ட் மாதத்து ஊகத்தால் வந்தது என்ற கேள்வி ஆபர்ன் இருக்கும் அலபாமா மாநிலத்தில் இன்றும் ஓயவில்லை.

ஆபர்னின் அட்டவணையில் சிட்டடல் போன்ற எளிய எதிரணி இருந்ததும் அதற்கு எதிராகப் பேசப்பட்டது, அது பொய்யல்ல. ஆனால் மூன்று அணிகளும் ஆகஸ்டில் இடமில்லாமல் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டிருந்தால், அந்த வாதம் வாதமாக நடந்திருக்கும். நடந்ததோ வேறு: ஒருவர் தோற்காதவரை அவர் இடத்தைத் தொடக்கூடாது என்ற எழுதாத விதி எல்லா வாதத்தையும் முன்பே முடித்துவிட்டது. அந்த டிசம்பரிலேயே ஏபி, தன் வாக்கெடுப்பை பிசிஎஸ் கணக்கில் பயன்படுத்த வேண்டாம் என்று விலகிக்கொண்டது. அதற்குப் பதிலாக வந்த ஹாரிஸ் வாக்கெடுப்பு, பருவம் தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே முதல் பட்டியலை வெளியிட்டது. நோய் எங்கே என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. பிசிஎஸ் பயன்படுத்திய கணினி முறைகளில் வெஸ்லி காலியுடையது எல்லா அணிக்கும் ஒரே மதிப்பெண்ணோடு தொடங்கும்; ஆகஸ்ட் பேச்சுக்கு அதில் இடமே இல்லை.

ஊகம் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். போன ஆண்டு எத்தனை வெற்றி, எத்தனை வீரர்கள் திரும்பி வருகிறார்கள், பந்தை வீசும் குவார்ட்டர்பேக் யார், பயிற்சியாளர் யார், கல்லூரியின் பெயர் என்ன: பழைய முறை இவ்வளவுதான். நான்காண்டு ஒரே இடத்தில் இருந்து வளர்ந்த வீரர்களைக் கொண்ட காலத்துக்கு இது ஓரளவு பொருந்தியது. 2018இல், அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 முதல் வீரர்கள் ஒரு பருவம் காத்திராமலே அணி மாறலாம், தங்கள் பெயரை வைத்துப் பணமும் ஈட்டலாம். ஓர் அணி ஒரே குளிர்காலத்தில் பாதி ஆளை மாற்றிக்கொள்கிறது. சட்டையில் இருக்கும் பெயர் மட்டும் மாறாது. வாக்காளர் அந்தப் பெயருக்கே வாக்களிக்கிறார். 2023இல் ஆட்டம் தோற்காமல் மாநாட்டுப் பட்டம் வென்ற புளோரிடா ஸ்டேட், 2024இல் பத்தாம் இடத்தில் தொடங்கியது. டப்ளினில் ஜார்ஜியா டெக்கிடம் முதல் ஆட்டத்தைத் தோற்று, 2–10 என்று பருவத்தை முடித்தது. இந்தியானாவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். முந்தைய பருவத்தில் பதினொரு வெற்றி பெற்றிருந்தும், பழைய பெயர் அதை இருபதாம் இடத்திலேயே பிடித்து வைத்தது.

ஊடகத்தின் பங்கு இங்கே வருகிறது. ஜூலையில் பெரிய மாநாடுகள் பல நாள் ஊடகக் கூடுகை நடத்துகின்றன. எஸ்இசியின் கூடுகை 1985இல் பர்மிங்காமில் தொடங்கியது. இன்று அது நேரலையில் ஓடும் திருவிழா. பயிற்சியாளர் வந்து ஒன்றும் சொல்லாமல் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார். அதை வைத்து ஒரு வாரம் எழுதுவார்கள். 2025இல் அங்கே கூடிய எழுத்தாளர்கள் டெக்சாஸ்தான் மாநாட்டை வெல்லும் என்றார்கள், வென்றது ஜார்ஜியா. டெக்சாஸின் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங், தொழில்முறை லீக்கில் புகழ்பெற்ற பேட்டன், ஈலி மேனிங் சகோதரர்களின் அண்ணன் மகன். அதுவரை கல்லூரி அளவில் தொடக்க வீரராக இறங்கியது இரண்டே ஆட்டங்களில். சூதாட்ட நிறுவனங்கள் அவரையே பருவத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதுக்கு முன்னணியில் வைத்தன. கொலம்பஸ் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அன்று அவர் 30 முறை வீசி 17 முறை சரியாகச் சேர்த்தார். நாட்டின் மிகச் சிறந்த தற்காப்பு அணிகளில் ஒன்றை, அதன் சொந்த அரங்கில் எதிர்கொண்ட அனுபவமற்ற வீரரின் ஆட்டம் என்று பார்த்தால் அது சாதாரணம். அடுத்த நாள் வந்த கட்டுரைகளோ மோசடி வெளிப்பட்டதைப் போல எழுதின. வாக்குறுதி கொடுத்தவர்கள் எழுத்தாளர்கள். மீறியதாகக் குற்றம் சுமந்தவர் 21 வயது இளைஞர். பணம் வாங்குகிறார், விளம்பரத்தில் வருகிறார், ஆகவே சுமக்கட்டும் என்ற பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அவர் செய்யாத கணிப்புக்கு அவரைப் பொறுப்பாக்க அந்த நியாயம் போதாது. டெக்சாஸ் கடைசியில் பத்து வெற்றியோடு பருவத்தை முடித்தது. இருபதாம் இடத்தில் தொடங்கிய அணி அப்படி முடித்திருந்தால் நல்ல ஆண்டு என்றிருப்பார்கள்.

பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்று சொல்வோர் உண்டு. பதின்மூன்று பேர் கொண்ட அந்தக் குழு வாக்கெடுப்புகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் பட்டியலையே பருவத்தின் பிற்பகுதியில்தான் வெளியிடுகிறது. 2024 முதல் 12 அணிகளுக்கு இடம் என்பதால், 2004இன் ஆபர்ன் போன்ற அணி இனி வெளியே நிற்க வாய்ப்பு மிகக் குறைவு. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் 2023 டிசம்பரில், நான்கு இடம் மட்டுமே இருந்தபோது, 13–0 என்றிருந்த புளோரிடா ஸ்டேட்டை அதே குழு விலக்கி, தலா ஒரு தோல்வி கண்ட டெக்சாஸையும் அலபாமாவையும் சேர்த்தது. குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயமடைந்துவிட்டதால் அணி இனிமேல் அப்படி ஆடாது என்பதே காரணம். நடந்த ஆட்டத்தைவிட நடக்கப்போகும் ஆட்டத்தைப் பற்றிய ஊகம் கனமானது. ஆகஸ்டுக்கு உரிய பழக்கத்தை டிசம்பருக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த முடிவு சாட்சி.

2024இல் பிக் 12 மாநாட்டின் எழுத்தாளர்கள் யூட்டாவை முதலிடத்திலும், அரிசோனா ஸ்டேட்டை 16 அணிகளில் கடைசியிலும் வைத்தார்கள். யூட்டா 5–7 என்று முடித்தது. அரிசோனா ஸ்டேட் பட்டம் வென்று பிளேஆஃப் போனது. அடுத்த ஆண்டு மாநாடு அந்த வாக்கெடுப்பையே நிறுத்திவிட்டது. தவறான இடத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள் என்பேன். அந்த மாநாட்டுக் கணிப்பால் யாருடைய இடமும் பறிபோகவில்லை. செப்டம்பரில் அதை எவரும் எடுத்துப் பார்ப்பதும் இல்லை. கடைசி என்று எழுதப்பட்ட அணி பட்டம் வென்றபோது அந்தப் பட்டியல் ஒரு நல்ல கதையைத்தான் கொடுத்தது. செப்டம்பர் முழுக்கக் கூடவே வந்து, வெல்பவரை நகரவிடாமல் பிடித்து வைப்பது ஏபியின் பட்டியல். அதன் வாக்காளர்கள் நான்கு ஆட்டம் முடிந்ததும் ஆகஸ்ட் தாளைக் கிழித்துப்போட்டு வெற்றுத்தாளில் எழுதத் தொடங்கினால் போதும். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. பழக்கம் மட்டுமே இருக்கிறது.