பத்து வாய்ப்பு எதற்கு?

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் மாணவர் எவரும் என்றேனும் ஒரு நாள் எண் கண்டுபிடிக்கும் விளையாட்டைச் சந்திக்காமல் போவதில்லை. கணிப்பொறி 1 முதல் 100 வரையுள்ள எண்களில் ஒன்றை மறைத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னது சிறியதா, பெரியதா என்று அது குறிப்புக் கொடுக்கும். பத்து வாய்ப்புக்குள் கண்டுபிடித்துவிட்டால் வெற்றி உங்களுக்கு.

இந்த விளையாட்டை ஓர் இணையப் பக்கமாகச் செய்யக் கற்றுத்தரும் பாடங்களுள் பெயர்பெற்றது, மோசில்லாவின் எம்.டி.என். தளத்தில் வெளிவந்த பாடம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்பவருக்கென்றே எழுதப்பட்டது. அதைத்தான் இங்கே மதிப்பிடப் போகிறோம். அது நல்ல பாடமா என்பது நம் கேள்வி அன்று, நல்ல பாடந்தான். அதைச் செய்து முடித்துவிட்டு எழுந்திருக்கும் மாணவர் கையில் என்ன இருக்கிறது என்பதே நம் கேள்வி.

முதலில் அதன் சிறப்புகளைப் பார்ப்போம்.

இணையப் பக்கம் ஒன்று மூன்று பொருள்களால் ஆனது. எச்.டி.எம்.எல். என்பது வீட்டின் சுவரும் வாசலும் போல: இங்கே ஒரு தலைப்பு, இங்கே எண் எழுதும் கட்டம், இங்கே ஒரு பொத்தான் என்று சொல்வது. சி.எஸ்.எஸ். என்பது வீட்டுக்கு அடிக்கும் வண்ணம். இவ்விரண்டு மட்டும் இருந்தால் பக்கம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் ஏன் என்று கேட்காது. அதைக் கேட்கச் செய்வது மூன்றாவது பொருளாகிய ஜாவாஸ்கிரிப்ட். 1995ஆம் ஆண்டில் பிறந்த இந்த மொழி உலாவிக்குள்ளேயே இயங்குகிறது. எனவே தனியாக எந்தக் கருவியும் வாங்காமல், ஓர் எழுத்துக் கோப்பையும் ஓர் உலாவியையும் வைத்துக்கொண்டே மாணவர் வேலையைத் தொடங்கிவிடலாம்.

பாடம் நேரே நிரலுக்குள் குதித்துவிடவில்லை. ஓர் எண்ணைத் தேர்ந்தெடு, எத்தனையாவது வாய்ப்பு என்று குறித்துவை, விளையாடுபவர் தந்த எண்ணை வாங்கு, ஒப்பிடு, குறிப்பைக் காட்டு, முடிந்ததும் புதிய ஆட்டத்துக்கு வழிவிடு என்று வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக முதலில் பிரித்துக் காட்டுகிறது. ஆட்டம் முடிந்ததும் கட்டமும் பொத்தானும் செயலிழந்து நிற்கும்படி செய்கிறது. முடிந்த ஆட்டத்தில் யாரும் மேலும் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பாராட்டத்தக்கது.

இன்னொன்று இதைவிடச் சிறப்பானது. இதற்கு அடுத்த பாடத்தில் இதே விளையாட்டை, வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்திக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒரு பிழை மிக அழகானது. ஜாவாஸ்கிரிப்ட் தரும் தற்செயல் எண் 0க்குக் குறையாமலும் 1ஐ எட்டாமலும் இருக்கும் ஒரு பின்னம். அதை 100ஆல் பெருக்கி, பின்னப் பகுதியை வெட்டிவிட்டு, ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 100 வரை ஏதேனும் ஓர் எண் கிடைக்கும். பெருக்குவதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பின்னத்தை வெட்டினால் எப்போதும் 0. ஒன்றைக் கூட்டினால் எப்போதும் 1. பக்கம் திறக்கிறது, பொத்தான் வேலை செய்கிறது, உலாவி எந்தக் குறையும் சொல்வதில்லை. ஆனால் மறைத்து வைத்த எண் ஒவ்வோர் ஆட்டத்திலும் 1 தான்! ஓடுகிற நிரல் எல்லாம் சரியான நிரல் அன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனிக் குறைக்கு வருவோம்.

எனக்குத் தெரிந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் இதுபோன்ற பக்கம் ஒன்றை முழுவதும் தட்டச்சு செய்து முடித்து, மகிழ்ச்சியோடு கொண்டுவந்து காட்டினார். விளையாடிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. “ஏன் தம்பி பத்து வாய்ப்பு?” என்று கேட்டேன். “பாடத்தில் பத்து என்றுதானே சார் இருக்கிறது?” என்றார். அவர் மேல் குற்றமில்லை. அந்தக் கேள்வியை எந்தப் பாடமும் அவரிடம் கேட்டதில்லை.

நீங்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். 1, 2, 3 என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் பத்து வாய்ப்பில் பத்து எண்களைத்தான் தொட முடியும். நூற்றுக்குப் பத்துதான் வெற்றி வாய்ப்பு. மாறாக, முதலில் 50 என்று சொல்லுங்கள். சிறியது என்றால் 51 முதல் 100 வரை, பெரியது என்றால் 1 முதல் 49 வரை. எப்படியும் பாதி எண்கள் போய்விட்டன. மிஞ்சியவற்றின் நடு எண்ணை அடுத்துச் சொல்லுங்கள். இப்படியே போனால், ஒவ்வொரு வாய்ப்புக்குப் பிறகும் மிஞ்சக்கூடிய எண்கள் அதிகம் போனால் 50, 25, 12, 6, 3, 1. ஆறு வாய்ப்புகள் முடிந்தபோது ஒரே எண் மிஞ்சுகிறது. ஏழாவதில் அதைச் சொல்லிவிடலாம்.

ஆக, சிந்தித்து விளையாடுபவர் ஏழு வாய்ப்புக்குள் எப்போதும் வென்றுவிடுவார். பத்து வாய்ப்பு கொடுத்தால் அவருக்குத் தோல்வியே இல்லை! பத்து வாய்ப்பு உண்மையில் எவ்வளவு பெரிய விளையாட்டுக்குப் போதும் தெரியுமா? 1 முதல் 1023 வரையுள்ள எண்களில் எதையும் கண்டுபிடிக்கப் போதும். இரண்டைப் பத்து முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. நூறுக்கும் பத்துக்கும் இடையே எந்தக் கணக்கும் இல்லை. இரண்டும் சொல்வதற்கு எளிய எண்கள், அவ்வளவே.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இந்த முறை, கணிப்பொறி இயலின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. அகராதியில் சொல் தேடும்போது நாம் செய்வதும் ஏறக்குறைய இதுவே. அந்தக் கருத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டிருக்கும் விளையாட்டு, அதைப் பற்றி வாய் திறக்காமல் முடிந்துவிடுகிறது.

வாய் திறந்த விளையாட்டு ஒன்று முன்பே இருந்தது. டேவிட் ஆல் தொகுத்து 1978இல் வெளிவந்த பேசிக் மொழி விளையாட்டு நூலில் ‘கெஸ்’ என்று ஒன்று உண்டு. எண்ணின் மேல் எல்லையை விளையாடுபவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளும். பிறகு மடக்கைக் கணக்கின் மூலம், இதை எத்தனை முயற்சியில் முடித்திருக்கலாம் என்று தானே கணக்கிடும். அதைவிட அதிகம் எடுத்துக்கொண்டவரிடம், இத்தனை முயற்சியே போதுமே என்று சொல்லியும் காட்டும்! வண்ணமில்லை, பொத்தானில்லை, வெறும் எழுத்துகள்தாம். ஆனால் ஆட்டம் முடிந்ததும் ‘எப்படி?’ என்ற கேள்வி விளையாடுபவர் மனத்தில் எழுந்தே தீரும். இன்றைய பக்கம் கண்ணுக்கு விருந்தாக வளர்ந்திருக்கிறது. அந்தக் கேள்வியை மட்டும் வழியில் தொலைத்துவிட்டது.

இரண்டாவது குறை, வெற்றுக் கட்டம். கட்டத்தில் நீங்கள் தட்டுவது உலாவிக்கு எண் அன்று, எழுத்துத் தொடர். எழுத்தாக உள்ள 5உடன் 1ஐக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 6 என்று சொல்லாது. இரண்டையும் ஒட்டி 51 என்று சொல்லும். எனவே எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்ட பிறகே பாடம் ஒப்பிடத் தொடங்குகிறது. சரியான செயல். ஆனால் எதையுமே எழுதாமல் பொத்தானை அழுத்தினால்? வெற்று எழுத்துத் தொடரை எண்ணாக மாற்றினால் ஜாவாஸ்கிரிப்டில் கிடைப்பது 0. மறைந்துள்ள எண்ணைவிட 0 சிறியது. ஆகவே நீங்கள் சொன்னது சிறியது என்று பக்கம் அறிவிக்கும். ஒரு வாய்ப்பும் போய்விடும். வாயே திறக்காதவரைப் பார்த்துத் தவறாகச் சொன்னாய் என்பது என்ன நியாயம்? 500 என்று எழுதினாலும் இதே கதைதான். எல்லைக்கு வெளியே போனதை எடுத்துச் சொல்லாமல், பெரியது என்று மட்டும் சொல்லி ஒரு வாய்ப்பைக் கழித்துக்கொள்ளும்.

தொடக்கப் பாடத்தில் இவ்வளவையும் திணிக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாடம் சுமையாகிவிட்டால் மாணவர் பாதியில் ஓடிவிடுவார். எல்லாம் உடனே புரிய வேண்டியதில்லை என்று பாடமே ஆறுதல் சொல்கிறது. ஆனால் விடைகளைச் சேர்க்கச் சொல்லவில்லை. கேள்விகளைச் சேர்க்கத்தான் சொல்கிறோம். ‘எழுதாமல் அழுத்திப் பாருங்கள், என்ன நடக்கிறது? ஏன்?’ என்று கடைசியில் ஒரு வரி இருந்தால் போதும். அந்த ஒரு வரிதான் தட்டச்சு செய்பவரை நிரல் எழுதுபவராக மாற்றுகிறது.

இது வெறும் குறைகாணும் பேச்சு அன்று. பார்த்துத் தட்டிய பக்கங்கள் பத்து கையில் இருந்தும், வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்தால் முதல் வரி எழுதத் தெரியாமல் திகைக்கும் மாணவர்கள் பலர். தமக்கு அறிவு போதாது என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மை அதுவன்று. ஒரு முடிவைத் தாமே எடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு ஒருமுறைகூடத் தரப்படவில்லை.

ஆகவே நண்பர்களே, இந்தப் பக்கத்தைத் தாராளமாகச் செய்யுங்கள். ஓடியதும் மூடிவிடாதீர்கள். பத்தை ஏழாக்கி விளையாடிப் பாருங்கள். வெற்றுக் கட்டத்துக்கு வாய்ப்பைக் கழிக்காமல், ‘ஓர் எண்ணை எழுதுங்கள்’ என்று சொல்லவையுங்கள். பின் மேல் எல்லையை விளையாடுபவரே தரும்படி செய்து, எத்தனை வாய்ப்பு நியாயம் என்பதைப் பக்கமே கணக்கிடும்படி மாற்றுங்கள். மூன்றாவது மாற்றத்துக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடிக்கலாம், பிடிக்கட்டும்.

அந்த மாணவரும் நானும் அன்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறாவது வரியில் ஒரே எண் மிஞ்சியபோது, நான் ஒன்றும் சொல்லாமலே அவர் கோப்பைத் திறந்து பத்தை அழித்தார். அவர் எழுதிய முதல் நிரல் அந்த ஏழுதான்.