பேறுபெற்றவர்கள் யார்?

மலைப்பிரசங்கத்தின் தொடக்க வாக்கியங்களை 'மகிழ்ச்சிக்கு எட்டு வழிகள்' என்று சுருக்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. துக்கப்படுவது எப்படி ஒரு வழியாகும்? அழுதா சந்தோஷம் வரும்னு யாரும் யாருக்கும் சொல்லித்தர முடியாது.

மத்தேயுவின் அந்த எட்டு வாக்கியங்களில் கட்டளை வினை ஒன்றுகூட இல்லை. யார் பேறுபெற்றவர்கள் என்று இயேசு அறிவிக்கிறார், அவ்வளவுதான். மூலத்தில் வரும் 'மகாரியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் பழைய வடிவத்தை ஹோமர் பெரும்பாலும் தேவர்களுக்கே சூட்டுகிறார். தேவர்களின் அடைமொழியை எடுத்து அழுகிறவன் தலையில் வைப்பதுதான் இங்கே நடக்கும் கலகம். நம் பழைய மொழிபெயர்ப்பின் 'பாக்கியவான்கள்' என்ற சொல்லில் அதிர்ஷ்டத்தின் வாடை கொஞ்சம் அடிக்கிறது. 1995 திருவிவிலியத்தின் 'பேறுபெற்றோர்' எனக்கு இன்னும் நெருக்கம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பசித்தவனிடம் 'நீ பேறுபெற்றவன்' என்பது அவனைச் சும்மா கிடக்கச் சொல்வதுதானே? மத்தேயுவை மட்டும் வாசித்தால் அப்படித் தோன்றலாம். அங்கே ஏழ்மையோடு 'ஆவியில்' என்ற சொல் ஒட்டியிருக்கிறது. வறுமை மனநிலையாக மாறிவிடுகிறது. லூக்காவில் அந்தச் சொல் கிடையாது. ஏழை என்றால் ஏழைதான். பேறுகளும் நான்கே. உடனே செல்வர்களுக்கும், வயிறு நிறைந்தவர்களுக்கும், சிரிப்பவர்களுக்கும், ஊர் புகழ்கிறவர்களுக்கும் நான்கு 'ஐயோ'க்கள் வந்து விழுகின்றன.

அந்த ஐயோக்களைக் கழித்துவிட்டு ஆறுதலை மட்டும் எடுத்துக்கிட்டா மிஞ்சுவது வெறும் மயக்கம். அடுத்தவர் பசியை மறந்து எனக்கு மட்டும் ஒரு மகிழ்ச்சி என்பதற்கு லூக்கா இடமே தரவில்லை.