குன்றக் கூறலும் மயங்க வைத்தலும்: செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான கோப்பெழுதும் கருவி விளக்கங்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கோப்புகளை உருவாக்கவும் மாற்றவும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்குத் தரப்படும் கருவிகளின் விளக்கங்களை இக்கட்டுரை ஓர் உரைவகையாகக் கொண்டு மதிப்பிடுகிறது. நன்னூல் பாயிரம் வகுத்த நூற்குற்றங்களுள் குன்றக் கூறல், மயங்க வைத்தல், மிகைபடக் கூறல் ஆகியன இங்கு அளவுகோலாகின்றன.

திறவுச்சொற்கள்: கருவி விளக்கம், முகவர், மேலெழுதுதல், நூற்குற்றம், யூனிகோடு.

முன்னுரை

மொழி மாதிரி தானே கோப்பைத் தொடுவதில்லை. கருவியின் பெயர், அளபுருக்கள், சில வரி விளக்கம் ஆகியவற்றைப் படித்து எதனை எவ்வாறு அழைப்பது என அது தீர்மானிக்கிறது. அழைப்பை நிறைவேற்றுவது வேறொரு நிரல். மனிதப் பயனர் கையேட்டின் குறையைப் பட்டறிவாலும் பிறரை வினவியும் நிரப்பிக்கொள்வார். முகவரோ விளக்கத்தில் இல்லாததைப் பெரும்பாலும் ஊகத்தால் நிரப்புகிறது.

பதிப்பாசிரியர் ஒருவர் சுவடிப் படியெடுப்புக் கோப்பை முகவரிடம் ஒப்படைத்து, பாடவேறுபாடுகளைச் சேர்க்கப் பணிப்பதாகக் கொள்வோம். சேர்க்கும் கருவி எனக் கருதி மேலெழுதும் கருவியை அது அழைப்பின், படி எடுத்து வைக்காத உழைப்பு முழுதும் அழியும். பிழைச் செய்தியும் தோன்றாது.

‘எழுது’ என்னும் சொல்லின் மயக்கம்

‘எழுது’ என்பது ஒரு செயலன்று. பைத்தான் மொழியில் கோப்பைத் திறக்கும்போது ‘டபிள்யூ’ என்னும் முறை பழைய உள்ளடக்கத்தை நீக்கிவிட்டு எழுதுகிறது. ‘ஏ’ இறுதியில் சேர்க்கிறது. 2012இல் வெளியான 3.3ஆம் பதிப்பில் வந்த ‘எக்ஸ்’, கோப்பு ஏற்கெனவே இருப்பின் மறுத்துவிடுகிறது. இம்மூன்றனுள் எது நிகழும் எனக் கூறாது ‘கோப்பில் எழுதும்’ என்று மட்டும் அமையும் விளக்கம் மயங்க வைத்தலாகும்.

ஒரு சான்று

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் அறிமுகப்படுத்திய மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலுடன் வந்த கோப்பு முறைமைச் சேவையகம் இங்குக் கருதத்தக்கது. அதன் எழுதும் கருவியின் விளக்கம், பழைய கோப்பு முன்னறிவிப்பின்றி முழுவதும் மேலெழுதப்படும் என்பதை ஒளிக்காமல் கூறுகிறது. இது பாராட்டிற்குரியது. ஆயின் அடுத்து அது வேண்டுவது எச்சரிக்கையை மட்டுமே. எச்சரிக்கை ஒரு மனநிலை. முகவருக்கு வேண்டுவது செயல்முறை. முதலில் படிக்க வேண்டுமா, வேறு கருவியை நாட வேண்டுமா என்பது கூறப்படவில்லை. இது குன்றக் கூறல்.

அதே சேவையகத்தின் இடமாற்றும் கருவியோ, சேருமிடத்தில் கோப்பு இருப்பின் செயல் தோல்வியுறும் என்கிறது. நிபந்தனையும் விளைவும் ஒருங்கே அமைந்த இவ்வாக்கியம் எழுதும் கருவியின் எச்சரிக்கையைவிடப் பயனுடையது. திருத்தும் கருவி, மாற்றங்களைச் செய்யாமலே முன்னோட்டமாகக் காட்டும் வசதியையும் தருகிறது.

தமிழ்ப் பனுவலும் கருவியும்

தமிழ்க் கோப்புகளில் இக்குறை மேலும் பெருகும். ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும், எகரக் குறி, கால் ஆகிய இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுத் திருத்தும் கருவிக்கு வெவ்வேறு. எனவே கோப்பில் உள்ள சொல்லையே ‘இல்லை’ எனக் கருவி மறுக்கக்கூடும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு கொள்ளும். ஆதலின் 1000 என்னும் வரம்பு எழுத்தைக் குறிக்கிறதா, பைட்டைக் குறிக்கிறதா என்பது கூறப்படாவிடில், பைட்டாயின் 333 குறியீடுகளுக்கு மேல் அதில் அடங்கா.

தெளிவான விளக்கம்

மேற்கண்ட குறைகளைத் தவிர்க்கும் விளக்கம் பின்வருமாறு அமையலாம்: ‘கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் மாற்றும். கோப்பு முன்பே இருப்பின் பழையது மீளாது. முதலில் படித்தபின் அழைக்க. ஒரு பகுதியை மட்டும் மாற்றத் திருத்தும் கருவியைப் பயன்படுத்துக. கோப்புறை இல்லையெனில் தோல்வியுறும். புதிதாக உருவாக்கப்பட்டதா, மேலெழுதப்பட்டதா என்பதை விடையில் தெரிவிக்கும்.’

விளக்கம் நீளின் முகவரின் சூழல் வரம்பை அது தின்னும் என்பர். மிகைபடக் கூறலும் குற்றமே. ஆயின் மேற்கண்ட ஆறு செய்திகளும் முகவரின் அடுத்த செயலை மாற்றவல்லவை. அவ்வாறு மாற்றாதவற்றையே நீக்க வேண்டும்.

முடிவுரை

தெளிவான விளக்கம் காவலுக்கு ஈடாகாது. அந்நெறிமுறையின் 2025 மார்ச் பதிப்பு, அழிக்கும் இயல்புடைய கருவிகளைக் குறிக்கும் அடையாளத்தைச் சேர்த்தது. எனினும் அது குறிப்பு மட்டுமே என்றும், நம்பகமற்ற சேவையகம் தரும்போது அதை நம்பலாகாது என்றும் அந்நெறிமுறையே வரையறுக்கிறது. ஆதலின் மேலெழுதுதலைத் தனிக் கருவியாகப் பிரித்து, இயல்பு நிலையில் மறுக்கும்படி அமைப்பது வடிவமைப்பாளரின் கடன். அவ்வாறு மறுக்கும்போது, ஏன் மறுத்தது, அடுத்துச் செய்யத்தக்கது யாது என்பதைத் தெளிவுறக் கூறுதல் விளக்கம் எழுதுவோரின் கடன்.