ஒட்டுப்போட்ட யந்திர மனிதன்

என் தமக்கை மகன் ஒரு யந்திர மனிதனைச் செய்து கொண்டுவந்து என் எழுதும் மேஜைமேல் நிறுத்தினான். ஒரு சாண் உயரம். தலைக்குப் பதிலாகக் கவிழ்த்த கிண்ணம் ஒன்று. முதுகில் நாலைந்து குழாய்கள். தோளில் ஒரு பீரங்கி. அத்தனையும் மிச்சப் பாகங்கள்தான் என்று பெருமையோடு சொன்னான்.

"எப்படி இருக்கு மாமா? மழுப்பாம சொல்லுங்க."

நன்றாக இருக்கிறது என்று மழுப்பினேன். அவன் போன பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உழைப்பு இருந்தது, கைத்திறன் இருந்தது, ஆனாலும் அந்த உருவம் ஒரு அடி எடுத்து வைக்கும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கப் போய், விஷயம் பொம்மையோடு நிற்காமல் என் தொழிலிலேயே வந்து கைவைத்துவிட்டது.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். டாங்கி, விமானம், கார் முதலியவற்றின் சிறு உருவங்களைப் பகுதி பகுதியாகப் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். கொத்தில் காய் தொங்குவதுபோல் பாகங்கள் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். நறுக்கி எடுத்து, படத்தைப் பார்த்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். வார்ப்பதற்கான எஃகு அச்சுக்கு ஏகப்பட்ட செலவு. ஆகையால் ஒரே அச்சைக்கொண்டு, ஒரே டாங்கியின் பல வகைகளைத் தனித்தனிப் பெட்டிகளாக விற்றுவிடுவார்கள். நாம் வாங்கிய வகைக்கு வேண்டாத மூடி, குழாய், கொக்கி எல்லாம் சட்டத்திலேயே தங்கிவிடும். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் அவற்றை எறிவதில்லை. என் மருமகன் மூன்று பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருக்கிறான்.

மிச்சத்தைக்கொண்டு புதிதாக ஒன்றைச் செய்யும் வித்தையைப் பெரிய அளவில் நடத்திக்காட்டியவர்கள் படம் எடுப்பவர்கள்தாம். இங்கிலாந்தில் 1965இல் தொலைக்காட்சியில் வந்த 'தண்டர்பேர்ட்ஸ்' தொடருக்கு டெரெக் மெட்டிங்ஸ் என்பவர் மாதிரி உருவங்களைச் செய்தார். ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளின் பாகங்களை அவற்றின்மேல் தாராளமாக ஒட்டினார். ராக்கெட் கிளம்பும் கூடத்தின் சுவரில் எலுமிச்சம்பழம் பிழிகிற சாமான் ஒன்றைக்கூடப் பதித்துவிட்டார்! 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை வாங்கிப் பிரித்தார்கள். டாங்கிச் சக்கரமும் ரயில் பீரங்கியின் உறுப்பும் ஆகாயக் கப்பல்களின் தோலாகிவிட்டன.

அங்கே அந்தத் துண்டுகளுக்கு ஒரே வேலைதான்: கப்பலைப் பெரிதாகக் காட்டுவது. மேற்பரப்பு வழவழவென்று இருந்தால், எதிரே இருப்பது எத்தனை பெரியது என்று கண்ணுக்கு அளக்கத் தெரியாது. பொடிப் பொடியாக ஆயிரம் நுணுக்கங்கள் தென்பட்டால், அடேயப்பா, எவ்வளவு பெரிது என்று மனம் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். இன்ன குழாய் எதற்கு என்று கேட்க நேரமில்லை. கேமரா கடந்து போய்விடும். நான் இதைக் குறை சொல்லவில்லை. வாரா வாரம் தொடர்கதை எழுதிப் பிழைத்தவன் குறை சொல்லக் கூடாது. தொடர்கதையில் ஒரு அத்தியாயத்தில் வந்த தபால்காரர் எதற்காக வந்தார் என்று அடுத்த வாரம் யாரும் கேட்பதில்லை. புத்தகமாக அச்சிட்டு ஒருவன் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போதுதான் வம்பு. மேஜைமேல் நிற்கிற யந்திர மனிதனும் அப்படித்தான். திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

திருப்பிப் பார்த்தாலும் தாங்குகிற வேலையைச் செய்தவர் ஒரு ஜப்பானியக் கலைஞர். பெயர் கோ யோகோயாமா. 'ஹாபி ஜப்பான்' என்ற பத்திரிகையில் 1982 மே மாதம் தொடங்கிச் சில ஆண்டுகள் 'எஸ்.எஃப்.3டி' என்ற தலைப்பில் இவர் செய்த உருவங்கள் மாதாமாதம் வெளிவந்தன. பிற்பாடு அதற்கு 'மாஷினென் க்ரீகர்' என்று பெயர் மாறிற்று. டாங்கி, விமானம், கார் என்று கிடைத்த பெட்டிகளின் பாகங்களையெல்லாம் கலந்து, மனிதன் உள்ளே புகுந்து சண்டையிடுகிற யந்திரச் சட்டைகளைச் செய்தார். அவற்றைப் போர்க்களக் காட்சிகளாக நிறுத்திப் படம் பிடித்து, கூடவே ஒரு கதையும் போட்டார்கள். அணுகுண்டு யுத்தத்தில் பாழாகிப் பிறகு தேறிய பூமியில், 29ஆம் நூற்றாண்டில் நடக்கிற கூலிப்படைச் சண்டை. கதை என்று பார்த்தால் சாதாரணம். கதை எழுதுகிறவன் பொறாமையோடு ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம், கதை சொல்லாததை அந்தப் பொம்மைகள் சொல்லின என்பதுதான். உருண்டு திரண்ட உடம்பு, பட்டறையில் அடிபட்டுத் திரும்பிய தோற்றம். எவனோ ஒருவன் இன்று காலையில் இதற்குள் ஏறினான், ஏறும்போது முணுமுணுத்துக்கொண்டே ஏறினான் என்று தோன்றும்.

ரகசியம் அளவில் இருக்கிறது. டாங்கிப் பெட்டிகள் பெரும்பாலும் 35இல் ஒரு பங்கு அளவு. யோகோயாமாவின் உருவங்களோ 20இல் ஒரு பங்கு. உள்ளே ஏறும் மனிதன் எட்டரை சென்டிமீட்டர் உயரம். ஜெர்மனியின் பாந்தர் டாங்கிச் சக்கரத்தின் குறுக்களவு 86 சென்டிமீட்டர். பெட்டியில் அது இரண்டரை சென்டிமீட்டராக வரும். அதை எடுத்து 20இல் ஒரு பங்கு உருவத்தில் வைத்தால் அரை மீட்டர் குறுக்களவுள்ள பொருளாகிவிடும். அது இனிமேல் சக்கரமாக இருக்க முடியாது, தோள்மூட்டாக இருக்கலாம். ஆள் இறங்கும் மூடி, ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சிறுத்து, எண்ணெய் ஊற்றுகிற வாயாகிவிடும். இடம் மாறினால் தொழிலும் மாறியே தீரவேண்டும். ஆனால் பழைய தொழிலின் கௌரவம் அதை விட்டுப் போவதில்லை. அந்தச் சக்கரத்தை ஒரு பொறியாளர் நிஜமான பாரத்தைத் தாங்குவதற்காக வரைந்தார். அந்தப் பாரம் அதன் வடிவத்தில் இருக்கிறது. நானும் நீங்களும் சும்மா உட்கார்ந்து கற்பனையில் ஒரு தோள்மூட்டை வரைந்தால் அந்தப் பாரம் அதில் வராது.

என் மருமகன் செய்ததில் தவறியது இதுதான். மார்பில் கதவாக அவன் ஒட்டியிருந்தது டாங்கி மூடி. அதன் வழியாக ஒரு பூனை வேண்டுமானால் நுழையலாம். முதுகுக் குழாய்களில் புகை வர வேண்டும். புகை விடுகிற எஞ்சினுக்கு உள்ளே இடமே இல்லை. முழங்காலுக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி. காலை மடக்கினால் மண்வெட்டி முறியும், அல்லது கால் முறியும். வெறுமையாகத் தெரிந்த இடத்திலெல்லாம் எதையாவது ஒட்டி மூடியிருக்கிறான். நானும் பல கதைகளில் செய்த காரியம்தான். பாத்திரத்துக்கு உயிர் வரவில்லை என்றால் ஒரு மூக்குப்பொடி டப்பாவைக் கையில் கொடுத்துவிடுவது.

மறுவாரம் அவன் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. "பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்னு நெனச்சேன் மாமா" என்றான். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஒட்டி முடித்த உருவம் பச்சை, வெள்ளை, சாம்பல், மஞ்சள் என்று பிச்சைக்காரன் சட்டை மாதிரி இருக்கும். எந்தத் துண்டு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டே நிற்கும். சாம்பல் வர்ணம் ஒரு பூச்சு விழுந்ததும் அத்தனையும் ஒரே உடம்பாகிவிடும். எழுத்தில் நடை என்று சொல்கிறோமே, அது செய்கிற வேலை அநேகமாக இதுதான். ஆனால் மடங்காத காலை வர்ணம் மடக்கிவிடாது.

இது நிற்க, என்னை உறுத்துகிற கேள்வி வேறு. துண்டை அடையாளம் கண்டுகொண்டுவிட்டால் என்ன ஆகும்?

'ஸ்டார் வார்ஸ்' கப்பல்களில் இன்ன துண்டு இன்ன பெட்டியில் வந்தது என்று பல ஆண்டுகளாகத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கப்பல் உடைந்துபோகவில்லை. பிக்காஸோ 1942இல் ஒரு சைக்கிள் சீட்டையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளையின் தலை செய்தார். அதில் எதையும் மறைக்கவில்லை. 1951இல் குட்டியை ஏந்திய ஒரு குரங்கைச் செய்தபோது, மகனுடைய இரண்டு பொம்மைக் கார்களை எடுத்து அதன் முகமாக வைத்துவிட்டார். (மகன் அழுதானோ என்னவோ, கலை வரலாறு இதையெல்லாம் எழுதிவைப்பதில்லை.) பார்த்தவுடன் கார் என்று தெரிகிறது, அடுத்த கணமே குரங்காகிவிடுகிறது, மறுபடி கார். கண் போய்ப் போய்த் திரும்புகிறது. ஆகையால் அடையாளம் தெரிவது குற்றமல்ல, தெரிந்த பிறகும் அந்தத் துண்டு புதிய வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். வந்தவுடனே என் அத்தையின் ஞாபகம் வந்து அதைக் கெடுத்துவிட்டது.

என் மூன்றாவது நாவலில் வட்டிக்குக் கொடுக்கிற ஒரு பெண்பிள்ளை வருகிறாள். கடன் கேட்டு வந்தவர் அழுதுகொண்டிருக்கும்போது, அவரைப் பாராமல், கையிலிருக்கும் தம்ளரை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பாள். வாசகர்கள் பலர் அந்தத் தம்ளரைப் பாராட்டி எழுதினார்கள். அது என் அத்தையுடையது. காபி ஆறுவதற்காகச் சுழற்றுவாள். எதிரே யாராவது கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் குடிக்க மறந்து சுழற்றிக்கொண்டே இருப்பாள். இரக்கத்தில் பிறந்த பழக்கம் அது. நான் எடுத்துக் கொடுமைக்குப் பொருத்தினேன். தொழில் மாறியது, பழைய பாரம் போகவில்லை. மேலே சொன்ன என் இலக்கணப்படி உத்தமமான வேலை.

அத்தை புத்தகத்தைப் படித்துவிட்டு என் தமக்கையிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். "வீட்டை மாத்திட்டான், ஊரை மாத்திட்டான், தம்ளரை மட்டும் என்னுதாவே வெச்சுட்டான்" என்றாளாம்.

மற்ற வாசகர்களுக்கு அந்தப் பாத்திரம் முழுசாக நிற்கிறது. அத்தை ஒருத்திக்கு மட்டும் அது தம்ளராகவே நின்றுவிட்டது, திரும்பிப் போகவில்லை. கார் யாருடையதோ அவன் கண்ணால் அந்தக் குரங்கைப் பார்க்க நமக்குத் தெரியுமா?

மருமகன் அந்த மார்புக் கதவைப் பெயர்த்து எடுத்தான். சுலபமாக வரவில்லை. இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பூசுகிற திரவம் நம் வீட்டுப் பசைபோல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதில்லை. இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. பெயர்த்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தான். பிறகு, குண்டு பட்ட இடம் என்று வைத்துக்கொள்ளலாம் மாமா என்று விட்டுவிட்டான்.

நானும் இரண்டாம் பதிப்பில் தம்ளரை எடுத்துவிட்டேன். அந்தப் பெண்பிள்ளை இப்போது சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்தாள், தானும் ஒரு தம்ளரோடு எதிரே உட்கார்ந்தாள். அதை மணைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசுவதைக் கேட்டாள்.