காக்கைக்கும் என்ற 'உம்'

குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில் ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும், நம் மேடைச் சிரிப்புக்குத் தீனியாகிற அத்தனை பேரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். "நெட்ல பார்த்தேன் டாக்டர்" என்று ஆரம்பிக்கும் கூகுள் அம்மா. மைதா என்றாலே முகம் சுளிக்கும் கேழ்வரகு அம்மா. எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஸ்டார் போடவில்லை என்று மிஸ்ஸிடம் போய் நிற்கும் மார்க் அம்மா. உரைமருந்தை விட்டால் வேறு மருந்தே இல்லை என்னும் பாட்டி. வாசலில் போன் பேசிக்கொண்டே "அவளைக் கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்" என்று கையைக் காட்டும் அப்பா. வாரப் பத்திரிகைத் துணுக்கு, பட்டிமன்றம், இப்போது ரீல்ஸ் என்று இடம்தான் மாறுகிறது. ஆட்கள் அதே ஆட்கள்.

இந்தக் கேலிகளுக்கு நானும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்து முடித்த பிறகு அதே துணுக்குகளைக் கேட்கும்போது சிலவற்றுக்குச் சிரிப்பு வருகிறது, சிலவற்றுக்கு வரவில்லை. ஏன் என்று யோசித்தேன். "சிரிப்புதானே, விட்டுத் தள்ளுங்க" என்ற பதில் எனக்குப் போதவில்லை. ஒருவரை ஒரு வகைக்குள் அடைத்துச் சிரிப்பது அவரைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பு. தீர்ப்பு என்றால் அது சரியா தப்பா என்று பார்க்கத்தான் வேண்டும்.

அளந்து பார்க்கப் படி ஒன்று நம்மிடமே இருக்கிறது. பிள்ளை பெற்றவர்களைப் பற்றித் தமிழில் புழங்கும் கேலிகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு' என்பது. கறுத்த குஞ்சைப் பொன் என்று பார்க்கும் கண்ணைக் கேலி செய்கிறது. அந்தக் கண்ணில் இருக்கும் பாசத்தையும் அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறது. அம்மா காக்கையா அப்பா காக்கையா என்று பிரிக்கவில்லை. 'காக்கைக்கும்' என்பதில் இருக்கும் அந்த 'உம்' முக்கியம். காக்கைக்கே அப்படி என்றால் உனக்கும் எனக்கும் அப்படித்தான் என்று, சொல்பவனையும் அது உள்ளே இழுத்துப் போட்டுவிடுகிறது.

இதற்கு நேர் எதிராக நிற்பது 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை'. பாராட்டாகவும் சொல்வார்கள், ஆனால் பிள்ளை ஏதாவது தப்பு செய்துவிட்ட வீட்டில்தான் அதிகம் கேட்கும். நூல் மட்டும் இருந்தால் சேலை வந்துவிடுமா? தறி வேண்டும், சாயம் வேண்டும், பாவு போடத் தெரு வேண்டும், நெய்கிறவர் வேண்டும். அத்தனையையும் மறைத்துவிட்டு நூலை மட்டும் பிடித்து உலுக்குகிறது இந்தப் பழமொழி. இன்றைய கேலிகளில் எவை காக்கை வழி வந்தவை, எவை நூல் வழி வந்தவை என்பதுதான் என் கேள்வி.

கேழ்வரகு அம்மாவில் தொடங்கலாம். அவரைப் பற்றிய கேலியில் பாதி நியாயம். சிறுதானியம் கொடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. பிறந்தநாள் விழாவில் மற்ற பிள்ளைகள் கேக் சாப்பிடும்போது "எங்க வீட்ல பிஸ்கட்டே உள்ள விடமாட்டோம்" என்று அடுத்த அம்மாவின் காதில் விழும்படி சொல்வதில்தான் பிழை. அந்தப் பெருமையைக் கேலி செய்தால் குறைத்துக்கொள்ளலாம், அதனால் யாருக்கும் காயமில்லை. காக்கை வழிதான் இது.

கூகுள் அம்மாவைப் பற்றிய கேலியிடம் எனக்கு அவ்வளவு தாராளம் கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில் என் பக்கத்தில் ஒரு இளம்பெண், தோளில் ஒன்றரை வயதுப் பிள்ளை. கையில் நாற்பது பக்க நோட்டு. அதில் பென்சிலால் 'ராத்திரி 11.40 – 102. மருந்து 5 மி.லி. 2.10 – 101. ஒன்றுக்குப் போகவில்லை. 4.00 – பால் கக்கிவிட்டான்' என்று வரிசையாக எழுதியிருந்தார். எதிரே இருந்த ஒருவர் தன் மனைவியிடம், "பரீட்சை எழுதப்போற மாதிரி வந்திருக்கு பாரு" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். முறை வந்ததும் உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. "எத்தனை மணி நேரமா ஒன்றுக்குப் போகலை?" என்று டாக்டர் கேட்டது எங்களுக்குக் கேட்டது. நோட்டின் தாள் புரளும் சத்தமும் கேட்டது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் உடம்பில் நீர் வற்றுகிறதா என்று பார்க்க எந்த டாக்டரும் கேட்கும் கேள்வி அது. பதில் அந்த நோட்டில்தான் இருந்தது.

இப்படித் தேடித்தேடிப் பார்க்கும் பழக்கம் இவர்களுக்கு ஏன் வந்தது? பெரியவர்கள் சொன்னது மாறிக்கொண்டே இருந்ததால். உலகமே படித்த பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்புப் புத்தகம் 1946இல் வந்தது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னது. பல ஆண்டுகள் அதைத்தான் சொன்னது. பிறகு அப்படிப் படுத்த குழந்தைகளிடம் திடீர் மரணம் கூடுதல் என்று தெரியவந்தது. பிரிட்டனில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது, சாவு வெகுவாகக் குறைந்தது. நான்கு முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று இருந்த உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, 2001இல் முழு ஆறு மாதம் என்று ஆனது. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் உண்டாக்கிய கிரைப் வாட்டரில் தொடக்கத்தில் ஆல்கஹால் இருந்தது. பாட்டி அம்மாவுக்குக் கொடுத்ததாகவும் அம்மா மகளுக்குக் கொடுத்ததாகவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் அந்த விளம்பரம் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்று தலைமுறைக்கு மூன்று விதமாகச் சொல்லிவிட்டு, நான்காவது தலைமுறைப் பெண் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தால் அவளைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பல பெற்றோர் பயந்து ஒதுங்கினார்கள். தமிழ்நாட்டில் முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கையில் கிடைத்ததை எல்லாம் நம்பி அடுத்தவருக்கும் அனுப்பும் அந்தப் பழக்கத்தைக் கேலி செய்யுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அதில் அப்பா, மாமா, சித்தப்பா எல்லோரும் உண்டு. கேலிச்சித்திரத்தில் மட்டும் ஏன் நைட்டி போட்ட ஒரு பெண்?

மார்க் அம்மாவுக்கு வருவோம். இந்தச் சித்திரம் பொய் என்று சொல்லமாட்டேன். அரை மார்க்குக்காகப் பிள்ளையை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் அம்மாக்களை நானும் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மார்க் பித்தை அந்த அம்மாவா கண்டுபிடித்தார்? பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவித்து, நாளிதழ்களின் முதல் பக்கத்தில் பிள்ளைகளுக்கு லட்டு ஊட்டும் படங்களுக்கு வழிசெய்தது அரசு. 2017இல்தான் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதைக் கைவிட்டது. பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படி ஒரு சட்டப்பிரிவு எழுத வேண்டிய நிலைக்கு நாடு வந்திருந்தது என்பதே கதையைச் சொல்லிவிடுகிறது. தறியும் சாயமும் தெருவும் இவைதான். நூலை மட்டும் பிடித்து உலுக்கும் கேலியை என்னால் ஏற்க முடியவில்லை.

பாண்டிராஜின் 'பசங்க 2' (2015) இந்த இடத்தில் கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது. துறுதுறுப்பு அடங்காத பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாக அலையும் பெற்றோரைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறது. ஆனால் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துத்தான். அவர்களைத் துரத்தும் பள்ளிகளையும் விட்டுவைக்கவில்லை. பிற்பாதியில் படம் நிறையப் பாடம் எடுக்கிறது என்பது குறைதான். இருந்தாலும் கேலியின் திசை சரி.

பட்டப்பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு, அதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். பின்பு 1949இல், பனி உருகாத ஃபிரிட்ஜில் வைத்ததுபோல் இந்தக் குழந்தைகள் வளர்ந்திருக்கிறார்கள் என்ற பொருளில் ஓர் உவமை சொன்னார். அந்த உவமை 'ஃபிரிட்ஜ் அம்மா' என்ற பெயராக ஒட்டிக்கொண்டது. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய புத்தகம் அந்தப் பழியை ஊரெல்லாம் கொண்டுபோனது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964லேயே அதை மறுத்து எழுதியிருந்தார். அந்த நூலுக்கு முன்னுரை கொடுத்தவர் கானர்தான். 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில், உங்கள்மேல் குற்றமில்லை என்று கானரே சொன்னார். அதற்குள் எத்தனையோ பெண்கள் தங்களால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று நம்பி வாழ்ந்து முடித்திருந்தார்கள். நம் மேடைத் துணுக்கு அவ்வளவு கொடியது என்று நான் சொல்லவில்லை. அம்மாவைப் பிடித்து ஒரே சொல்லில் அடக்கிவிடும் அந்தச் சோம்பல் இரண்டிலும் ஒன்றுதான் என்கிறேன்.

பாட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்பது இன்றைய மருத்துவம். கடுக்காயும் மாசிக்காயும் வசம்பும் இழைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியதாக நம்புவது அவர் அனுபவம். வசம்பைப் பேர் சொல்லிக்கூட அழைக்காமல் 'பேர் சொல்லாதது' என்று சொல்லும் பயமும் பக்தியும் அதில் இருக்கின்றன. அவரைச் சிரித்தபடி மறுக்கலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

அப்பாவிடம்தான் எனக்குக் கோபம். கேலி அவரையும் தொடுகிறது, ஆனால் மயிலிறகால். டயப்பரைத் தலைகீழாகக் கட்டும் அப்பாவைப் பார்த்து "பாவம்" என்று சிரிக்கிறோம். அதே தவறை அம்மா செய்தால் அது துணுக்கு ஆகாது, புகார் ஆகும். அப்பாவின் பதற்றத்துக்கும் சலுகை உண்டு. ராதாமோகனின் 'அபியும் நானும்' (2008) படத்தில் மகளைப் பள்ளியில் சேர்ப்பது தொடங்கிக் கல்யாணம் வரைக்கும் பிரகாஷ்ராஜ் தவிக்கும் தவிப்பைப் பார்த்து நாம் சிரித்தோம், கண்ணும் கலங்கினோம். அதில் நிதானமாக இருப்பவர் அம்மா. அந்த அளவுக்குப் படம் வழக்கத்தை மாற்றிப் போட்டது, நல்லது. ஆனால் அதே தவிப்பை ஒரு அம்மா தவித்திருந்தால் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருப்போமா, நச்சரிப்பு என்றா?

அம்மாக்களே இந்தத் துணுக்குகளைச் சொல்லிச் சிரிக்கிறார்களே என்பார்கள். உண்மைதான், கேலிக்கு ஆதரவான வாதங்களில் கனமானது அதுதான். கூகுள் அம்மா தன்னைத்தானே கூகுள் அம்மா என்று சொல்லிச் சிரிக்கும்போது அந்த 'உம்' திரும்பி வந்துவிடுகிறது. சொல்பவரும் உள்ளே இருக்கிறார். மேடையில் நிற்கும் ஆண், நேற்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று தெரியாதவர், அதையே சொல்லும்போது 'உம்' போய்விடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. பெருமையையும் வதந்தியையும் கேலி செய்யும் துணுக்குகள் இருக்கட்டும், இன்னும் வரட்டும். கூகுள் அம்மா துணுக்கை அந்த அம்மாவே சொல்லட்டும். மார்க் அம்மா துணுக்கைக் கைவிடுங்கள். எழுதியே தீர வேண்டும் என்றால் பள்ளியையும் அரசையும் பத்திரிகையையும் சேர்த்து எழுதுங்கள். அப்பாவுக்கு இதுவரை ஒரு நல்ல கேலிச்சித்திரம் வரையப்படவே இல்லை. நகைச்சுவை எழுதுகிறவர்கள் முதலில் அதை எழுத வேண்டும். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி அம்மாவுக்கு 26 வாரம் விடுப்பு தந்தார்கள். அந்தத் திருத்தத்தில் அப்பாவுக்கு ஒரு நாள்கூட இல்லை.